வீட்டு விஷயங்களை இணையத் தோழிகளிடம் சொல்லும்போது எங்கெல்லாம் சறுக்குகிறது?

குழாய் ஒழுகுகிறது, குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாரோடு மனத்தாங்கல், மகள் முதல் சம்பளம் வாங்கியிருக்கிறாள். நேரில் பார்த்தே இராத நாலு பேரிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டு மனசு லேசாகிப் போகிறவர்கள் ஏராளம். அதில் தப்பே இல்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாததைத் தூரத்துத் தோழியிடம் சொல்லிவிட முடிகிறது என்பதே இந்தச் சிநேகத்தின் பலம்.

ஆனால் இதில் வரும் வம்புகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகின்றன. திண்ணையில் பேசியது காற்றோடு போய்விடும். இங்கே எழுதியது அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்தது, எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு உங்கள் வீடு தெரியாது. நீங்கள் எழுதிய நாலு வரிதான் அவருக்கு உங்கள் வீடு.

சூடு ஆறுவதற்குள் எழுதுவது

சண்டை முடிந்த கையோடு போனை எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அப்போது எழுதுவது நடந்ததாக இருக்காது, தீர்ப்பாக இருக்கும். "அவர் எப்பவுமே இப்படித்தான், என்னை மனுஷியாவே மதிக்கிறதில்ல" என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இரண்டே வழிதான்: ஆமாம் போடலாம், அல்லது வாயை மூடிக்கொள்ளலாம். "காலையில எல்லார் முன்னாடியும் என் பேச்சைப் பாதியில வெட்டிட்டார், எனக்கு ரொம்ப வலிச்சது" என்று எழுதிப் பாருங்கள். அந்த ஒரு சம்பவத்தைப் பற்றிப் பேச இடம் கிடைக்கிறது. ‘எப்பவுமே’, ‘ஒரு நாளாவது’ என்ற இரண்டையும் எடுத்துவிட்டாலே பாதி விஷம் இறங்கிவிடும்.

அழித்துவிடலாம் என்ற தைரியத்தில் எழுத வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் கிடைக்கும் என்றாலும், அழித்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி நின்றுகொண்டு, என்னவோ இருந்தது என்று ஊருக்கே சொல்லும். மறையும் செய்தி வசதியை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். ஆனால் மறைவதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தெரியவே வராது. செய்திகள் பூட்டி அனுப்பப்படுகின்றன என்ற உத்தரவாதமெல்லாம் வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான். போய்ச் சேர்ந்த போனில் யார் படிக்கிறார்கள் என்பதற்கு இல்லை. டெலிகிராம் குழுக்களில் அந்தப் பூட்டும் கிடையாது.

இதைவிடவும் அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு: முடிவைச் சொல்லாமல் விடுவது. சாயங்காலமே சமாதானமாகி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டும் ஆகியிருக்கும். குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் மனதில் உங்கள் கணவர் காலையில் நின்ற இடத்திலேயே நிற்பார். மூன்று மாதம் கழித்துத் திருமண நாள் படம் போட்டால் ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். "பேசித் தீர்த்துக்கிட்டோம், இப்ப பரவாயில்ல" என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள். புலம்பலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாக்கி உண்டு.

மேலே சொன்னது சாதாரண மனக்கசப்புக்கு. அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று போனால் விதிகளெல்லாம் தலைகீழ். அங்கே மறையும் செய்தி வேண்டாம். தேதி, நேரம், படம் எல்லாம் நம்பிக்கையான ஒருவரிடம் பத்திரமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பை நான்கு சாதனங்கள் வரை கூடுதலாக இணைக்க முடியும் என்பதால், உங்கள் பேச்சு வீட்டிலுள்ள வேறொரு கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அமைப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சட்டென்று துண்டித்தால் எதிராளிக்குச் சந்தேகம் வரும். வேறொருவர் போனிலிருந்து பேசுவது அதைவிடப் பாதுகாப்பு. தோழிகள் இங்கே செய்யும் தவறு, "இன்னைக்கே நேருக்கு நேரா கேட்டுடு, பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பு" என்று உசுப்பிவிடுவது. பிரிந்து கிளம்பும் நேரம்தான் வன்முறை முற்றக்கூடிய நேரம். பெண்கள் உதவி எண்ணைத் தேடித் தருவது, ஆபத்தென்றால் அனுப்ப ஒரு சங்கேதச் சொல்லைப் பேசி வைப்பது, அது வந்தால் யார் யாரை அழைப்பது என்று முடிவு செய்வது: இவை உதவும். வீர வசனம் உதவாது.

அடுத்தவர் கதையைச் சொல்லிவிடுவது

நாத்தனார் கர்ப்பம், கணவருக்கு வேலை போனது, அப்பாவின் பரிசோதனை முடிவு. எல்லாம் உங்கள் வீட்டில் நடப்பவைதான், ஆனால் உங்களுடைய செய்திகள் அல்ல. இதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் பங்கை மட்டும் சொல்லப் பழகினால் போதும். "பையன் கணக்குல பெயில்" என்பது அவனுடைய கதை. "படிப்பு விஷயத்துல எனக்குப் பொறுமையே போகுது, எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்பது உங்களுடையது. கிடைக்கும் யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான். குழந்தை படுக்கையை நனைப்பது, மகள் பெரியவளானது, வளரும் பையனின் முதல் காதல் ஆகியவற்றை அவர்கள் பெயரோடும் படத்தோடும் போடவே கூடாது. பத்து வருடத்தில் அவர்களும் அதே வலையில்தான் இருப்பார்கள்.

பெயரில்லாமல் எழுதினால் தெரியாது என்பதும் அரைகுறை நம்பிக்கை. ஃபேஸ்புக் குழுவில் அநாமதேயமாகப் போடும் பதிவில் பெயர் மற்ற உறுப்பினர்களுக்குத்தான் மறைகிறது. அட்மினும் நெறியாளர்களும் பார்க்க முடியும். பெயரை விடுங்கள், "எனக்கு இரட்டைக் குழந்தை, கணவர் கப்பலில் வேலை, போன மாதம்தான் வீடு மாறினோம்" என்று மூன்று தகவல் சேர்ந்தாலே தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். கதைக்குத் தேவைப்படாத தகவலை மாற்றிவிடுங்கள்: வயதைச் சற்று முன்பின்னாக, வேலையைப் பொதுவாக.

படங்களில் முகத்தை மறைப்பவர்கள்கூட பின்னணியை மறந்துவிடுகிறார்கள். மேசைமேல் கிடக்கும் பார்சலில் முகவரி, பள்ளிச் சீருடையில் சின்னம், ரவுட்டரின் அடியில் ஒட்டிய வைஃபை கடவுச்சொல், மாத்திரை அட்டை. புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்து எடுத்த படத்திலிருந்து சாவியின் வெட்டுகளைப் பார்த்து நகல் செய்ய முடியும். படக்கோப்பிலேயே எடுத்த இடத்தின் குறிப்பும் இருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாதென்று ‘ஆவணம்’ என்று அனுப்பினால் அப்படியே போகும், மின்னஞ்சலிலும் போகும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்து வைப்பது ஒரு முறை செய்தால் போதுமான வேலை. வெளியூர்ப் படங்களை வீடு திரும்பிய பின் போடுங்கள் என்பது பழைய அறிவுரை, இன்றைக்கும் செல்லும்.

இடம் மாறிப் போவது

மாமியாரைப் பற்றி எழுதியது மாமியார் இருக்கும் குழுவுக்கே போவது சிரிப்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. நடந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. குடும்பக் குழுவும் தோழிகள் குழுவும் பட்டியலில் அடுத்தடுத்து, ஒரே மாதிரிப் பெயரோடும் பூப்படத்தோடும் இருப்பதே காரணம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனிப் பின்னணி வைக்கலாம். குடும்பக் குழுவுக்கு மட்டும் பளிச்சென்ற சிவப்பு வைத்துவிட்டால் தட்டச்சு செய்யும்போதே கண் எச்சரிக்கும். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அறிவிப்பை மாற்றுங்கள். வாய்ஸ் நோட் அனுப்புவதானால், கேட்பவர் கூடத்தில் ஸ்பீக்கரில் போடக்கூடும் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள்.

அரைகுறையாகக் கேட்பது

"வாஷிங் மெஷின் ஓடல, என்ன பண்றது?" என்று கேட்டால் பன்னிரண்டு பதில் வரும், ஒன்றும் உதவாது. மெஷின் எந்த வகை, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, திரையில் என்ன எழுத்து, என்ன சத்தம், கடைசியாக என்ன செய்தீர்கள் என்பவை தேவை. பிழைக் குறியீடு மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது வேறு. மாடல் எண், ஃப்ரண்ட் லோட் என்றால் பெரும்பாலும் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள். "ஃப்ரண்ட் லோட், துவைத்து முடித்துத் தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் நிற்கிறது, டிரம்மில் தண்ணீர், முனகல் சத்தம் மட்டும்" என்று எழுதினால் தெரிந்தவர் ஒரே பதிலில் முடித்துவிடுவார்: பிளக்கைப் பிடுங்கு, சூடான தண்ணீரென்றால் ஆறவிடு, தட்டையான பாத்திரமும் துண்டும் வைத்துக்கொண்டு கீழ்ப்பக்க வடிகட்டி மூடியை மெல்லத் திருகு, உள்ளே நாணயமோ ஹேர்பின்னோ குழந்தையின் சாக்ஸோ இருக்கும், இல்லையென்றால் பின்னால் போகும் வடிகுழாய் மடங்கியிருக்கிறதா பார்.

மருந்தில்தான் இந்த அரைகுறைத்தனம் ஆபத்தாகிறது. "காய்ச்சலா, பாராசிட்டமால் சிரப் அஞ்சு மில்லி கொடுங்க" என்று எத்தனை பேர் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள்! 5 மி.லி. சிரப்பில் 120 மி.கி. மருந்து உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். ஒருவர் சிரப்பை நினைத்துச் சொல்லும் ‘அஞ்சு மில்லி’யை இன்னொருவர் சொட்டு மருந்தில் அளந்தால் குழந்தைக்கு 500 மி.கி. போய்விடும். அளவைத் தீர்மானிப்பது குழந்தையின் எடை. வயதோ சமையலறைக் கரண்டியோ அல்ல. ஆகவே குழுவில் மில்லிக் கணக்கைக் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

சில நேரங்களில் பதிலுக்குக் காத்திருப்பதே தவறு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குவது, வலிப்பு, எழுப்பியும் எழாமல் கிடப்பது, பட்டன் பேட்டரியை விழுங்கியது: போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியவை இவை. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்; வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, ஐஸ், வெண்ணெய் என்று வரும் யோசனைகள் எத்தனை இதயக் குறி வாங்கினாலும் வேண்டாம்.

சுத்தம் செய்யும் குறிப்புகளிலும் கலவைகளைப் பார்த்துப் பயப்படுங்கள். பிளீச்சோடு வினிகரோ ஆசிட் கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள திரவம் சேர்ந்தால் வரும் வாயுவும் நெஞ்சை அடைப்பதுதான். பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்து வைப்பது ஆபத்தில்லை, பயனும் இல்லை; நுரைத்து முடித்தபின் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு பெரும்பாலும் தண்ணீர்தான் மிஞ்சும்.

பதில் எழுதுகிறவர்கள்

"இதாவது பரவாயில்ல, எங்க வீட்டுல கேளுங்க" என்று தொடங்கும் பதில் ஆறுதலே இல்லை. பேச்சைத் தன் பக்கம் திருப்புவது. கேட்காத யோசனையும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் "யோசனை சொல்லவா, சும்மா கேட்டுக்கவா?" என்று நேரடியாகவே கேட்டுவிடலாம். ஒருவர் கரு கலைந்த செய்தி சொன்ன அடுத்த வரியில் உங்கள் மகளின் பரிசைப் போட வேண்டாம். சந்தோஷம் ஒரு நாள் தள்ளிப் போனால் கெட்டுவிடாது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் தெரியும்: வாட்ஸ்அப்பில் நீல டிக்கை அணைத்து வைத்திருந்தாலும் குழுவில் யார் படித்தார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியும். "படிச்சேன், ராத்திரி பேசறேன்" என்பதே போதும். திடீரென்று மௌனமாகிவிட்டவரைக் குழுவில் வைத்து "என்ன ஆச்சு, ஏன் பேசறதில்ல?" என்று விசாரிக்காமல் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாகப் பணம். தோழியின் எண்ணிலிருந்தே "அவசரம், உடனே அனுப்பு" என்று வந்தால் முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள். கணக்கு திருடு போயிருந்தால் குழுப் பேச்சைப் படித்துவிட்டு அவருடைய தொனியிலேயே எழுதுவார்கள். எனவே குழுவில் எழுதாத விஷயம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "தெரியாம உனக்கு ஒரு ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கும், அனுப்பேன்" என்பதும் அதே கூட்டத்தின் வேலைதான். அந்தக் குறியீடு உங்கள் கணக்கின் சாவி. ஏமாந்து கொடுத்துவிட்டால் உங்கள் எண்ணையே உடனே மறுபடி பதிவு செய்யுங்கள், திருடியவர் வெளியேற்றப்படுவார். பிறகு இரு படிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை வைத்துவிடுங்கள். நிஜமாகவே கஷ்டத்தில் இருக்கும் தோழிக்குக் குழுவாகச் சேர்ந்து கொடுப்பதானால், மருத்துவச் செலவை மருத்துவமனைக் கணக்குக்கே நேரடியாகக் கட்டுங்கள், ரசீதைப் போடுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை மட்டும் குழுவில் போடாதீர்கள்.