ஜூலை மாதத்து என்.பி.ஏ. செய்திகள்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், ஒப்பந்தம் முடியப்போகும் வீரர்களோடு மற்ற அணிகள் பேச்சைத் தொடங்குவதற்கான அனுமதி இப்போது ஜூன் 30 மாலை 6 மணிக்கு, நியூயார்க் நேரப்படி, கிடைக்கிறது. இந்தியாவில் அப்போது ஜூலை 1 அதிகாலை 3.30. அலாரம் வைத்து எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல் கைப்பேசியைத் திறந்து, நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பெயர்களையும் தொகைகளையும் படித்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு. அந்த முதல் மணி நேரத்தில் நண்பர்களிடம் நான் சொன்ன தீர்ப்புகளில் பெரும்பாலானவை அடுத்த ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்கவில்லை. ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்களும் இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கோடைக்காலச் செய்தியில் வீரரின் பெயர் முன்னால் நிற்பதும், அவருடைய ஒப்பந்தத்தின் விதிகள் கண்ணுக்குப் படாமல் போவதுமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பேசி முடித்ததைக் கையெழுத்தாக எண்ணுவது

ஜூலை முதல் சில நாட்களில் வெளிவரும் செய்திகளில் பல வாய்மொழி உடன்பாடுகளே. புதிய அணியோடு போடப்படும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் ஜூலை 6 நண்பகல் வரை கையெழுத்திட முடியாது. இடைப்பட்ட நாட்களில் அந்த உடன்பாடு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.

2015ஆம் ஆண்டு டிஆண்ட்ரே ஜார்டன் இதை எல்லோருக்கும் காட்டினார். டல்லாஸ் மாவரிக்ஸ் அணிக்கு நான்கு ஆண்டுகள், 8 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டிருந்த அவர் மனம் மாறத் தொடங்கியதும், பழைய அணியான லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸின் வீரர்களும் பயிற்சியாளரும் ஹூஸ்டனில் இருந்த அவரது வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் உள்ளே வந்துவிடாதபடி கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்திருப்பதைப் போன்ற படத்தை கிளிப்பர்ஸ் வீரர் பிளேக் கிரிஃபின் ட்விட்டரில் போட்டார். கையெழுத்துக்கான தடைக்காலம் முடிந்த நள்ளிரவில் ஜார்டன் கிளிப்பர்ஸுக்கே கையெழுத்திட்டார். டல்லாஸ் அந்தக் கோடை முழுவதையும் அவரை நம்பித் திட்டமிட்டிருந்தது. இப்படி நடப்பது அரிது. ஆனால் கையெழுத்துக்கு முன் தொகை, ஆண்டுகள், கடைசி ஆண்டை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் விருப்ப உரிமை போன்ற விவரங்கள் மாறுவது அவ்வளவு அரிதல்ல என்பதால், முதல் நாள் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

டாலரைப் பார்த்து, பங்கைப் பார்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பரவலானது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என்.பி.ஏ.வில் ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கான உச்சவரம்பு ஒவ்வோர் ஆண்டும் லீக்கின் வருமானத்தைப் பொறுத்து மாறுகிறது. 2015-16 சீசனில் 7 கோடி டாலராக இருந்த அது, புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் வந்து சேர்ந்ததும் 2016-17இல் ஒரே தாவலில் 9.41 கோடியானது. ஏறக்குறைய எல்லா அணிகளின் கையிலும் ஒரே நேரத்தில் பணம் புரண்டது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அந்தக் கோடையில் டிமோஃபே மோஸ்கோவுக்கு நான்கு ஆண்டுகளில் 6.4 கோடியும், லூவால் டெங்குக்கு நான்கு ஆண்டுகளில் 7.2 கோடியும் கொடுத்தது. மறு ஆண்டே மோஸ்கோவை வேறு அணியின் தலையில் கட்டுவதற்காக டிஏஞ்சலோ ரஸல் என்ற இளம் வீரரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே கோடையில் மைக் கான்லி மெம்ஃபிஸில் பெற்ற 15.3 கோடி டாலர்தான் அன்று வரையிலான லீக் வரலாற்றில் மிகப் பெரிய ஒப்பந்தம். பலரும் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். ஆனால் மோஸ்கோவின் ஒப்பந்தம் அணிக்குச் சுமையாக முடிந்தது. கான்லியோ அடுத்தடுத்த சீசன்களில் தன் இடத்தைக் காத்துக்கொண்டார்.

ஆகவே தொகையை அந்த ஆண்டின் உச்சவரம்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். மோஸ்கோவின் ஆண்டுச் சராசரியான 1.6 கோடி, அன்றைய உச்சவரம்பில் 17 சதவீதம். 2025ஆம் ஆண்டு மில்வாக்கி பக்ஸ் அணி மைல்ஸ் டர்னருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. 2025-26இன் உச்சவரம்பு 15.46 கோடி என்பதால், அவருடைய ஆண்டுச் சராசரியும் 17 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது. டாலரில் எவ்வளவோ தூரம் தள்ளியிருக்கும் இரண்டு ஒப்பந்தங்கள் பங்கில் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒருவர் ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்த வீரர், மற்றவர் அந்த ஆண்டுதான் இண்டியானாவோடு இறுதிப் போட்டி வரை போய் வந்தவர். இன்றைய விதிப்படி உச்சவரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. ஆகவே 2016 போன்ற திடீர்த் தாவல் இனி வராது. 2025-26இல் சரியாக அந்த 10 சதவீதம்தான் உயர்ந்தது.

டர்னரின் விலையிலும் மறைந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. அவருக்கு இடம் கண்டுபிடிப்பதற்காக, பிளே ஆஃபில் குதிகால் தசைநார் அறுந்து படுத்திருந்த டேமியன் லில்லார்டை மில்வாக்கி விடுவித்து, அவருக்குத் தர வேண்டிய ஏறத்தாழ 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொண்டது. மீதியிருக்கும் ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எத்தனை ஆண்டுகள் வருகிறதோ, அத்தனை ஆண்டுகளுக்குத் தொகையைப் பிரித்துப் போடலாம் என்பது விதி. லில்லார்டுக்கு மீதி இரண்டு ஆண்டுகள் இருந்ததால் ஐந்து கிடைத்தது. இதன் விளைவாக, ஆடாத ஒருவருக்காக ஆண்டுக்கு 2.2 கோடிக்கு மேல் மில்வாக்கியின் கணக்கில் 2030 வரை உட்கார்ந்திருக்கும். டர்னரை மதிப்பிடுகிறவர் இந்தத் தொகையையும் அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

மொத்தத் தொகையோடு உத்தரவாதத்தையும் பார்க்கப் பழக வேண்டும். 2023இல் கிறிஸ் பாலுக்கு அடுத்த சீசனுக்கு 3.08 கோடி டாலர் சம்பளம் எழுதப்பட்டிருந்தது; அதில் 1.58 கோடிக்கு மட்டுமே உத்தரவாதம் இருந்தது. கடைசி ஆண்டு வீரரின் விருப்பமா அணியின் விருப்பமா என்பதும் இதே வகைதான்: நான்கு ஆண்டு என்று தலைப்பில் போடப்படுவது, வீரரின் கையில் விருப்ப உரிமை இருந்தால், உண்மையில் மூன்று ஆண்டாக இருக்கலாம்.

“பணமே இல்லாத அணி எப்படி வாங்குகிறது?”

ஒவ்வொரு கோடையிலும் புதிய ரசிகர்கள் கேட்கும் கேள்வி இது. என்.பி.ஏ.வின் உச்சவரம்பு இறுக்கமான கூரை கிடையாது. தன்னிடமே ஆடிவந்த வீரரைத் தக்கவைக்க, பழைய நட்சத்திர வீரர் லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படும் பேர்ட் உரிமையைப் பயன்படுத்தி அணி உச்சவரம்பைத் தாண்டலாம். இதில் வரிசை முக்கியம். 2024இல் ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்சர்ஸ், டைரீஸ் மேக்ஸியின் புதிய ஒப்பந்தத்தை வேண்டுமென்றே ஓர் ஆண்டு தள்ளி வைத்திருந்தது. அவர் கையெழுத்திடும் வரை அவர் பெயரில் கணக்கில் பிடித்து வைக்க வேண்டிய தொகை சுமார் 1.3 கோடிதான், கையெழுத்திட்டுவிட்டால் முதல் ஆண்டிலேயே அது 3.5 கோடியாகிவிடும். அந்த இடைவெளியில் கிடைத்த இடத்தைக் கொண்டு பால் ஜார்ஜுக்கு நான்கு ஆண்டுகளில் 21.2 கோடி கொடுத்தார்கள். அதன்பின் உச்சவரம்பைத் தாண்டி மேக்ஸிக்கு ஐந்து ஆண்டுகளில் 20.4 கோடி கொடுத்தார்கள். வரிசையை மாற்றியிருந்தால் ஜார்ஜ் வந்திருக்க வழியில்லை.

உண்மையான சுவர் வேறிடத்தில் இருக்கிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தம், அதிகச் சம்பளம் கொடுக்கும் அணிகள் வரி கட்டத் தொடங்கும் ஆடம்பர வரி வரம்புக்கும் மேலே முதல் ஏப்ரன், இரண்டாம் ஏப்ரன் என்று இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறது. 2025-26இல் அவை 19.59 கோடி, 20.78 கோடி. இரண்டாவதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் பெற முடியாது. பரிமாற்றத்தில் பணம் அனுப்ப முடியாது. உச்சவரம்பைத் தாண்டியும் வெளி வீரரை எடுக்க உதவும், நடுத்தரச் சம்பளத்துக்கான விலக்கைப் பயன்படுத்த முடியாது. ஏழு ஆண்டுகள் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும், அதாவது லீக்குக்குப் புதிதாக வரும் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், முடக்கப்படும். உரிமையாளரிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் இந்தத் தடைகளைப் பணம் கொடுத்து நீக்கிவிட முடியாது என்பதுதான் இதன் கூர்மை.

ஃபீனிக்ஸ் சன்ஸ் இதில் சிக்கியதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் டெவின் புக்கரின் நல்ல ஆண்டுகள் அங்கே செலவழிந்துகொண்டிருந்தன. 2023இல் கெவின் டுராண்ட், புக்கரோடு பிராட்லி பீலும் சேர்ந்தபோது அவர்களைக் கோப்பைக்கு உரியவர்கள் என்று எழுதியவர்கள் ஏராளம். பீலின் ஒப்பந்தத்தில், தன் சம்மதமின்றித் தன்னை மாற்றக் கூடாது என்ற அரிதான விதியும் சேர்ந்தே வந்தது. முதல் ஆண்டு மினசோட்டாவிடம் முதல் சுற்றிலேயே ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறினார்கள். 2024-25இல் 36 வெற்றி, 46 தோல்வியோடு பிளே ஆஃபுக்கே வரவில்லை. குறையைச் சரிசெய்ய அவர்களுக்குக் கருவி எதுவும் மிஞ்சவில்லை: இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்ததால் சம்பளங்களைச் சேர்க்க முடியாது, பீல் சம்மதிக்காமல் அவரை அனுப்பவும் முடியாது. 2025இல் டுராண்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பீலை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, அவருக்கான மீதித் தொகையை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொண்டார்கள். 2023 ஜூனில் இந்தப் பரிமாற்றத்தைப் படித்தவர்கள், மூன்று பெயர்களுக்கு முன்னால் அந்த ஒரு விதியையும் அந்த ஒரு கோட்டையும் படித்திருந்தால், முடிவு இவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது.

பெயர்களைக் கூட்டுவது

2021இல் லேக்கர்ஸ் ரஸல் வெஸ்ட்புரூக்கைக் கொண்டுவந்தபோது, லெப்ரான் ஜேம்ஸ், ஆன்டனி டேவிஸ், வெஸ்ட்புரூக் என்ற மூன்று பெயர்களைத்தான் எல்லோரும் கூட்டிப் பார்த்தோம். கழித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பரிமாற்றத்தில் வெளியே போன கென்டேவியஸ் கால்டுவெல்-போப் 2023இல் டென்வரோடு கோப்பை வென்றார். அதே கோடையில் சிகாகோவுக்குப் போக விடப்பட்ட அலெக்ஸ் கரூசோ, நான்கு ஆண்டுகளுக்கு வெறும் 3.7 கோடி டாலர் சம்பளக்காரர், 2025இல் ஓக்லஹோமா சிட்டி தண்டரோடு கோப்பை வென்றார். வெஸ்ட்புரூக் வந்த 2021-22 சீசனில் லேக்கர்ஸ் 33 வெற்றி, 49 தோல்வி. தடுப்பாட்டம் ஆடுகிறவர், பந்து கையில் இல்லாமலும் பயன்படுகிறவர், இவர்கள் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு பெரிய பரிமாற்றத்திலும் போகிறவர்களின் பட்டியலை நான் முதலில் படிக்கிறேன்.

உடல்நிலையும் இந்தக் கணக்கில் விடுபடக் கூடாது. மேலே சொன்ன ஃபிலடெல்ஃபியா, கணக்கு வழக்கில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்ட அதே ஆண்டில் 24 ஆட்டங்களை மட்டுமே வென்றது. ஜோயல் எம்பீட் 19 ஆட்டம், ஜார்ஜ் 41, மேக்ஸி 52. முப்பதைக் கடந்த, ஏற்கெனவே காயப்பட்ட வீரருக்கு நான்காவது ஆண்டு கொடுக்கப்படும்போது, முதல் ஆண்டின் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு மகிழ்வது இயல்பு. கடைசி ஆண்டைக் கற்பனை செய்து பார்ப்பதுதான் நியாயமான சோதனை.

அவசரத் தீர்ப்பு

டிராஃப்ட் உரிமைகள் கைமாறும் பேரங்களுக்கு ஜூலையில் மதிப்பெண் போடுவது வீண். 2013இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவருக்காக புரூக்ளின் நெட்ஸ் பாஸ்டனுக்குக் கொடுத்த உரிமைகளிலிருந்து ஜேலன் பிரவுனும், 2017 டிராஃப்டில் கிடைத்த முதலிடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாமிடம் பெற்ற வழியில் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். அவர்கள் கோப்பை வென்றது 2024இல், பதினோரு ஆண்டுகள் கழித்து. 2019இல் பால் ஜார்ஜுக்காக கிளிப்பர்ஸ் ஓக்லஹோமாவுக்கு அனுப்பிய ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டருக்கு அப்போது 20 வயது. கூடவே போன உரிமைகளில் ஒன்றிலிருந்து 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். 2025 கோப்பையை வென்றவர்கள் இவர்கள் இருவரையும் மையமாகக் கொண்ட அணி. இதை வைத்து கிளிப்பர்ஸை முட்டாள்கள் என்று சொல்வதும் அநியாயம் என்பது என் கருத்து. ஜார்ஜ் வந்தால்தான் கவாய் லெனர்ட் வருவார் என்ற நிலையில், அவர்கள் இரண்டு வீரர்களுக்கான விலையைக் கொடுத்தார்கள். 2022இல் ரூடி கோபேருக்காக நான்கு முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து வசை வாங்கிய மினசோட்டா, 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் மேற்கு மண்டல இறுதிக்கு வந்தது.

லாஸ் வேகஸில் நடக்கும் கோடைக்கால லீக் ஆட்டங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும்: 2012இல் அதன் சிறந்த வீரர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள், ஒருவர் டேமியன் லில்லார்ட், மற்றவர் ஜோஷ் செல்பி. செல்பியின் என்.பி.ஏ. வாழ்க்கை விரைவிலேயே முடிந்துவிட்டது.

வீரர் குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டால் அதைத் தியாகம் என்று முடித்துவிடுவதையும் தவிர்க்கலாம். 2024இல் நியூயார்க் நிக்ஸின் ஜேலன் பிரன்சன் நான்கு ஆண்டு நீட்டிப்புக்கு 15.65 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டார். ஓர் ஆண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு 26.9 கோடி வரை கிடைத்திருக்கும். 11 கோடியை விட்டுக்கொடுத்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். அணிக்கு அது பேருதவி என்பதில் எனக்கு ஐயமில்லை, அந்த மனதை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு முழு ஐந்தாம் ஆண்டின் சம்பளமும் அடங்கியிருக்கிறது. நான்காம் ஆண்டு அவருடைய விருப்பத்தில் விடப்பட்டிருக்கிறது, வேண்டாமென்றால் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே அவர் புதிய ஒப்பந்தம் பேசலாம். 2018இல் லீக்குக்குள் வந்த அவருக்கு 2028 கோடையில் பத்து ஆண்டு அனுபவம் நிறைவடையும். பத்து ஆண்டு நிறைந்த வீரர் உச்சவரம்பில் 35 சதவீதம் வரை கேட்கலாம், அதற்கு முன் அவர் கேட்கக்கூடியது 30 சதவீதம்தான்.