காற்று மாசுக்கு ஒளியூக்கி: ஆய்வுப் பணிக்குக் கொழும்பிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு

"ஒளியூக்கிகள் மூலம் வளி மாசைக் குறைத்தல், ஆய்வாளர் தேவை" என்ற மாதிரி ஒரு பல்கலைக்கழக விளம்பரம் வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்ததும் பலர் செய்கிற வேலை, பழைய சிவியில் திகதியை மாற்றி அன்றிரவே அனுப்பிவிடுவது. அனுப்பாதீர்கள். விளம்பரத்தை ஆறுதலாக வாசித்து எந்த வாயு, எந்த ஒளி, ஒளியூக்கியை (ஒளி பட்டதும் இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்துகிற பொருளை) எதன்மேல் பூசப்போகிறார்கள் என்ற மூன்றையும் தேடிப் பிடியுங்கள். நைதரசன் ஒட்சைட்டுகளா, போமல்டிகைட்டு போன்ற ஆவியாகும் சேதனச் சேர்வைகளா? புற ஊதாவா, கண்ணுக்குத் தெரிகிற ஒளியா? சீமெந்தா, கண்ணாடியா, ஏசிக்குள் போடுகிற வடியா? இவை தெரிந்தால்தான் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்றே தெரியும். விளம்பரத்தில் இல்லாவிட்டால் அந்தப் பேராசிரியரின் கடைசி நாலைந்து கட்டுரைகளில் கட்டாயம் இருக்கும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைட்டேனியம் ஈரொட்சைட்டின் மேல் போதிய சக்தியுள்ள ஒளி பட்டால் ஒரு இலத்திரன் மேல்பட்டைக்குப் போகும், கீழே ஒரு துளை மிஞ்சும். துளை மேற்பரப்பிலுள்ள நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் என்ற, எதனோடும் சட்டென்று தாக்கமுறுகிற துணிக்கையை உண்டாக்கும், இலத்திரனை ஒட்சிசன் பிடித்துக்கொள்ளும், அப்படி வருகிறவைதான் மாசு வாயுவை ஒட்சியேற்றுகின்றன. ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் நேச்சர் இதழில் எழுதியது நீரைப் பிளப்பது பற்றி. காற்றைச் சுத்தமாக்குவது அதற்குப் பின்னால் வளர்ந்த கிளை. டைட்டேனியம் ஈரொட்சைட்டின் அனற்றேஸ் என்ற பளிங்கு வடிவத்தில் பட்டை இடைவெளி, அதாவது இலத்திரன் மேல்பட்டைக்குத் தாவத் தேவையான சக்தி, 3.2 இலத்திரன் வோல்ற்று. 1240ஐ அதால் வகுத்தால் தேவையான ஒளியின் அலைநீளம் வரும், ஏறக்குறைய 388 நனோமீற்றர், அதாவது புற ஊதா. சூரிய ஒளியில் அந்தப் பகுதி நூற்றுக்கு 5 அளவுதான். பட்டை இடைவெளி 2.7 மட்டில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் பயன்படுத்தக்கூடிய கிராபிற்றிக் காபன் நைத்திரைட்டை ஏன் இத்தனை பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, இனி முக்கியமான இடம். "அக்கா, நான் மெதிலீன் நீலச் சாயத்தின் நிறத்தை நல்லாப் போக்கிக் காட்டியிருக்கிறேன், அது காணாதா?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என்னுடைய பதில்: காணாது. எங்கள் கம்பஸ்களில் இறுதியாண்டு ஒளியூக்கி ஆய்வென்றால் அநேகமாகச் சாயக் கரைசல்தான், மலிவு, யூவி நிறமாலைமானி ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் மெதிலீன் நீலம் தானே 660 நனோமீற்றர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சுகிற பொருள், உறிஞ்சிய பிறகு இலத்திரனை ஊக்கிக்குத் தள்ளிவிட்டுத் தானே சிதையவும் கூடும், ஊக்கியே இல்லாமல் ஒளியில் கொஞ்சம் வெளுக்கவும் கூடும், ஆகவே கட்புல ஒளியில் நிறம் போனதைக் காட்டி என் ஊக்கி வேலைசெய்கிறது என்றால் விஷயம் தெரிந்தவர் நம்பமாட்டார். காற்று மாசுக்கு ஆள் எடுக்கிறவர் தேடுவது, மாசு எங்கே போனது என்று கேட்கிற ஆளை.

செய்த ஆய்வை மறைக்கச் சொல்லவில்லை. அதே ஆய்வை எழுதும்போது ஊக்கி இல்லாமல் ஒளி மட்டும், ஒளி இல்லாமல் ஊக்கி மட்டும், அப்புறம் பி-25 என்ற வணிக டைட்டேனியம் ஈரொட்சைட்டுத் தூளோடு ஒப்பீடு, இந்த மூன்றும் செய்தீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். விளக்கு எத்தனை வாற்று என்று எழுதுவதில் பயனில்லை, மாதிரியின் மேல் சதுர மீற்றருக்கு எத்தனை வாற்று விழுந்தது என்று எழுதுங்கள். இன்னும் கம்பஸிலேயே இருக்கிறீர்கள் என்றால் சாயத்தோடு ஒரு வாயுச் சோதனையையும் சேர்த்துவிடுங்கள். பெரிய செலவில்லை: செப்டம் (ஊசியால் வாயு எடுக்கிற இறப்பர் மூடி) பொருத்திய கண்ணாடிப் பாத்திரம், ஊக்கி பூசிய கண்ணாடித் துண்டு, ஐசோபுரோப்பனோல் ஒரு துளி, எல்ஈடி விளக்கு, டிப்பார்ட்மென்ற்றில் இருக்கிற ஜீசி (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி). ஐசோபுரோப்பனோல் குறைவதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், அது முதலில் அசற்றோனாக மாறி அங்கேயே நிற்கும். காபனீரொட்சைட்டு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வரைபடம் சிவியில் இருந்தால் பத்துச் சாய வரைபடத்தைவிட மேல்.

நைதரசன் ஒட்சைட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஐ.எஸ்.ஓ. 22197-1 என்ற நியமத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் அகலம், 10 சென்றிமீற்றர் நீளமான மாதிரியின் மேலாக 1 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) நைத்திரிக் ஒட்சைட்டு கலந்த காற்றை நிமிடத்துக்கு 3 லீற்றர் வீதம் விட்டு, சதுர மீற்றருக்கு 10 வாற்று புற ஊதா ஒளியில் 5 மணித்தியாலம் பார்ப்பது. இங்கேயும் அதே பொறிதான். நைத்திரிக் ஒட்சைட்டு மறைந்துவிட்டது என்று சொல்வார்கள், ஆனால் அது நைதரசன் ஈரொட்சைட்டாக மாறி வெளியே போயிருந்தால் நுரையீரலுக்கு முன்னதைவிடக் கெடுதி. கடைசியில் நைத்திரேற்றாக மேற்பரப்பில் தங்க வேண்டும். அது நிறையச் சேர்ந்தால் ஊக்கி மந்தமாகும், கழுவ வேண்டும், கழுவிய நீரில் நைத்திரேற்றை அளந்து கணக்கு நேராகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: வழக்கமான பகுப்பாய்வுக் கருவிகள் சூடான மொலிப்டினத்தால் நைதரசன் ஈரொட்சைட்டை நைத்திரிக் ஒட்சைட்டாக மாற்றி அளப்பவை, அவை நைத்திரசு அமிலத்தையும் சேர்த்தே எண்ணிவிடும். நேர்முகத்தில் இதை நீங்களாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

வெற்றிக் கதைகளை மட்டும் வாசித்துவிட்டுப் போகவும் வேண்டாம். ரோமின் உம்பேர்ட்டோ சுரங்கப்பாதையில் பூச்சுப் பூசிய பிறகு மாசு நன்றாகக் குறைந்ததாக அறிக்கை வந்தது. பிரஸ்ஸல்ஸின் லியோபோல்ட் 2 சுரங்கப்பாதையில் ஐரோப்பியக் குழு ஒன்று கவனமாக அளந்தபோது சொல்லும்படியான குறைவே தெரியவில்லை. பிரித்தானிய அரசின் வளித்தர நிபுணர் குழுவும் 2016இல் இத்தகைய பூச்சுகள் பற்றி எழுதும்போது பெரிதாக நம்பிக்கை காட்டவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் ஏன் இந்தத் துறைக்கு வருகிறீர்கள் என்று எழுதுவதுதான் நல்ல நோக்க அறிக்கை. நீண்ட சுரங்கம் வேண்டாம், விளக்குப் பொருத்திய சிறிய அறை, வடி, வெளியேற்றுக் குழாய் என்று காற்று மெதுவாகவும் நெருக்கமாகவும் பூச்சைத் தொடுகிற இடங்களில் வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

"கொழும்பின் காற்றைச் சுத்தமாக்குவேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இங்கே பெரிய தொல்லை நுண்துகள், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்து சேர்கிறது, ஒளியூக்கிப் பூச்சு அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ் விடுகிற புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டு என்றால் பேசலாம். இன்னும் நல்ல கோணம் ஈரப்பதன்: அந்த நியமச் சோதனை 25 பாகையில் 50 வீத ஈரப்பதனில் நடப்பது, கொழும்பில் அது ஏசி அறைக்குள்தான் கிடைக்கும். கொஞ்சம் நீராவி மூலிகத்துக்குத் தேவை, கூடினால் அதே நீர் மேற்பரப்பில் மாசு ஒட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 80 வீதத்தில் உங்கள் ஊக்கி எப்படி நடக்கும் என்று கேட்கிற விண்ணப்பதாரி எங்கிருந்து வருகிறார் என்பது தானாகவே தெரிந்துவிடும். புல்மோட்டை இல்மனைற்று என்ற, இரும்பும் டைட்டேனியமும் உள்ள கனிமத்திலிருந்து டைட்டேனியம் ஈரொட்சைட்டு செய்து பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள், இரும்பு எவ்வளவு மிஞ்சியது என்ற எண்ணோடு.

உள்ளூர்ப் பணியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி இரசாயனவியல் துறைகள், மொறட்டுவையில் பொருள் விஞ்ஞானப் பக்கம், யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் துறை, கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் ஆகியவற்றின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடத்து மானியத்தில் வருகிற உதவியாளர் வேலை ஒப்பந்தம்தான், சம்பளமும் பெரிதில்லை, ஆனால் அதோடு எம்ஃபில் பதிவு உண்டா, பதிவுக் கட்டணத்தை மானியம் கட்டுமா என்று சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ஆர்டி (பளிங்கமைப்பைப் பார்க்கிற எக்ஸ்கதிர்க் கருவி), இலத்திரன் நுணுக்குக்காட்டி உங்கள் இடத்தில் இல்லாவிட்டால் 138 பஸ்ஸில் ஏறி ஹோமாகம போய் நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் காசு கட்டிச் செய்யலாம்.

மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். பேராசிரியரின் குடும்பப் பெயரோடு தொடங்கி, அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த ஒரு அளவீடு, முடிந்தது. அது உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும், புகழ்ச்சி வேண்டாம். பரிந்துரைக் கடிதம் கேட்டால் உங்கள் மேற்பார்வையாளர், "நீயே எழுதிக்கொண்டு வா" என்று சொல்கிற நிலைமை வரும், அப்போது வெற்றுப் புகழ்ச்சியை விட்டு நீங்கள் எந்தக் கருவியைத் தனியாக இயக்கினீர்கள் என்ற விபரத்தைப் பட்டியலாகக் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கடதாசி வேலை. ஐரோப்பாவின் மரீ கியூரி முனைவர் வலையமைப்புப் பணி என்றால் நாட்டுரிமை தடையில்லை, ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் இருக்கக் கூடாது, போகிற நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. கொழும்பில் இருக்கிறவருக்கு இது வசதி. பிரித்தானியா என்றால் இத்துறைக்கு ஏட்டாஸ் என்ற, சில தொழில்நுட்பத் துறைகளில் வெளிநாட்டவர் ஆய்வு செய்யத் தேவையான பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ் இலங்கையருக்கு வேண்டும், இலவசம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும், வீசாவுக்கு முன்பே எடுக்க வேண்டும். பட்டப்படிப்பு ஆங்கில மொழிமூலம் என்ற கடிதத்தைப் பீடத்தில் முதலே வாங்கிவையுங்கள், சில பல்கலைக்கழகங்கள் ஐஈஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக அதை ஏற்கும். மரீ கியூரி விளம்பரத்தில் போட்டிருக்கும் மாதத் தொகையில் வேலைகொடுப்பவர் கட்டும் வரியும் அடங்கியிருக்கும், கைக்கு வருவது எவ்வளவு என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்ட பிறகு வீட்டில் சொல்லுங்கள்.