நேபாளத்துக்கு வீடு கட்டப் போகிறீர்களா? நீளக் கல்லை உடைக்காதீர்கள்

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும்போதே சிந்துபால்சோக் மலைக்கிராமங்களில் வீடு கட்டும் வேலைக்குத் தொண்டராகப் போனேன். இப்போது மாணவர் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று நாங்கள் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் இவர்களும் அடிக்கிறார்கள். ஷூ, தொப்பி, வயிற்றுப்போக்கு மாத்திரை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை அம்மாவே சொல்லி அனுப்பிவிடுவார்.

தப்பான மாதத்தில் போவது

செமஸ்டர் முடிந்த கையோடு ஜூன் கடைசியில் போய் இறங்குகிறார்கள். அங்கே அப்போது மழை. மண்சாந்து காயாது, சாலை சரிந்து லாரி பாதி வழியில் நிற்கும். போதாக்குறைக்கு அது நெல் நடவு நேரம். வீட்டுக்காரரும் வயலில், கொத்தனாரும் வயலில். மழை விட்டதும் தசைன், திஹார் என்று பண்டிகைகள் வந்துவிடும், யாரும் கரணையைத் தொட மாட்டார்கள். அதெல்லாம் முடிந்து, நவம்பருக்கு மேல் ஏப்ரல் வரை வேலைக்குத் தோதான காலம். குளிரும், பரவாயில்லை.

ஆதாரை மட்டும் எடுத்துப் போவது

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கட்டாயம் வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு, அழைக்கும் அமைப்பிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீளக் கல்லை உடைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான்.

அந்த மலைகளில் வீடு என்றால் பெரும்பாலும் கல்லும் மண்சாந்தும்தான். ஒன்றரை அடி அகலச் சுவர். பார்த்தால் ஒரே சுவர் போலத்தான் தெரியும். உள்ளே வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். பூமி குலுங்கினால் இரண்டு வரிசையும் வயிறு தள்ளி, ஆளுக்கொரு பக்கம் சரியும். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் குலுங்கியபோது கோர்க்காவிலிருந்து சிந்துபால்சோக் வரை ஏராளமான வீடுகள் இப்படி விழுந்தவைதான். நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் செத்தார்கள்.

இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிப்பது, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே கிடக்கும் நீளக் கல். உயரத்தில் இரண்டு அடிக்கு ஒரு வரி, அந்த வரியில் நாலு அடிக்கு ஒரு கல் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இதோடு சன்னலுக்குக் கீழேயும், கதவு சன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டையோ மரப் பட்டையோ ஓட வேண்டும்.

மாணவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை கல் சுமப்பது. நெற்றியில் பட்டை போட்டு முதுகில் சுமக்கிற டோக்கோ கூடையில் நீளக் கல் உட்காராது. விளிம்பில் துருத்திக்கொண்டு கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கும். சம்மட்டியோ கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். நச்சென்று நடுவில் ஒன்று போட்டால் முடிந்தது.

எங்களுக்கு முன் அந்தக் கிராமத்துக்கு வந்த குழு ஒன்று, சுமக்கத் தோதாக இருக்கட்டும் என்று குவியலில் இருந்த நீளக் கல்லையெல்லாம் இரண்டிரண்டாக உடைத்துப் போட்டிருந்தது. கொத்தனார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளிகளைத் திட்டுகிற ஊர் இல்லை அது, அதுவே வினையாகிவிட்டது. இருந்த கல்லை வைத்து அவர் சுவரை எழுப்பினார்.

அப்போது அரசு உதவி ஒரு வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாக: முதலில் 50,000, பிறகு ஒன்றரை லட்சம், கடைசியில் ஒரு லட்சம். முதல் தவணைக்குப் பிந்திய ஒவ்வொன்றுக்கும் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுவர் முடிந்ததும் வந்த இன்ஜினியர், குறுக்குக் கல் எங்கே என்று கேட்டார். காட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை. பணம் நின்றது, வேலை நின்றது, மழையும் பிடித்துக்கொண்டது. அந்தக் குடும்பம் இன்னொரு மழைக்காலத்தையும் தகரக் கொட்டகையிலேயே ஓட்டியது. கல்லை உடைத்தவர்கள் எப்போதோ சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மழை முடிந்து நாங்கள் போனபோது எங்களுக்குக் கிடைத்த வேலை அந்தச் சுவரைப் பிரிப்பது. கடப்பாரையே வேண்டியிருக்கவில்லை. வெளிமுகக் கற்கள் வெறும் கைக்கே உருவிக்கொண்டு வந்தன. உடைந்த முகம் இன்னும் வெளிர் நிறமாக இருந்த பாதிகள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், கச்சிதமாகப் பொருந்தின. இவ்வளவு சொல்லி அழைத்துப் போயும், சமீபத்தில்கூட சிவில் மூன்றாம் வருடப் பையன் ஒருவன் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு நின்றான். பாடப்புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது, தம்பி!

சரி, என்ன செய்யலாம்? சுமக்கத் தொடங்கும் முன் கொத்தனாரை அழைத்து நீளக் கற்களைத் தனியே பொறுக்கி, சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். கயிறு கட்டிக் கம்பில் தொங்கவிட்டு இரண்டு பேர் தூக்குங்கள். ஏற்கெனவே உடைத்துத் தொலைத்திருந்தால், நடுவில் 8 மி.மீ. கம்பி வைத்து, இரண்டு அங்குலச் சதுரத்தில் சுவர் அகலத்துக்குக் கான்கிரீட் கட்டைகள் வார்த்து வைக்கலாம். ஆனால் அந்தச் சிமென்ட்டும் கம்பியும் கீழே இருந்து மலையேற வேண்டும், காசும் வீட்டுக்காரருடையது.

கான்கிரீட்டில் தண்ணீரை ஊற்றுவது

கிளறச் சுலபமாக இருக்கும் என்று ஊற்றாதீர்கள், பலம் போய்விடும். கலக்கும்போது தாராளமாக ஊற்றும் அதே ஆட்கள்தான், வீட்டைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் பட்டையை நனைக்கச் சொன்னால் குழாய் தூரம் என்கிறார்கள். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாளாவது நனைக்க வேண்டும். நீங்கள் கிளம்பும் வாரத்தில் பட்டை போடுவதானால், அப்புறம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பேசி முடித்துவிட்டுப் போடுங்கள்.

எட்டு மணிக்கு எழுந்து டிஃபன் தேடுவது

காலையில் டீதான். தால் பாத், அதாவது பருப்பும் சோறும், பத்து மணி வாக்கில். அதற்குள் ஊர் பாதி வேலையை முடித்திருக்கும்.

குழந்தைகளோடு செல்ஃபி

வேண்டாம்.

சுவரில் கல்லூரிப் பெயர்

வேண்டாம், வீடு வீட்டுக்காரருடையது.

கருவிகளைத் திருப்பி எடுத்து வருவது

கையுறை, ஹெல்மெட், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கொத்தனாரிடம் விட்டுவிட்டு வாருங்கள். சம்மட்டியை மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.