அமாவாசை நேரலைக்கு பிட்ரேட் எவ்வளவு வைப்பது? அக்னி தீர்த்தக் கரைக்கான செய்முறை

ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையிலிருந்து யூடியூபில் நேரலை விட ஒரு லேப்டாப், ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்), 4ஜி ஹாட்ஸ்பாட் போதும். 1080பி வேண்டுமா, 720பி வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்து அப்லோடு வேகம் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா அனுப்புகிறோம் என்பதை, முடிவு செய்யும். பிட்ரேட்டைப் பார்த்துத்தான் ரெசல்யூஷன் (1080பி, 720பி போன்ற பட அளவு).

படி 1: அப்லோடை அளக்கவும்

முந்தின நாள் மாலை அளந்த வேகத்தை நம்ப வேண்டாம். அமாவாசை காலையில் வந்தவர்களின் போன்கள் எல்லாம் அதே டவரைத்தான் பிடிக்கும். டவுன்லோடு நன்றாக இருக்கும்போதே அப்லோடு படுத்துவிடும். அதனால் கூட்டம் சேர்ந்த பிறகு, கேமரா நிற்கும் இடத்திலேயே, பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவன சிம் ஒன்றையும் சோதித்து வையுங்கள்.

படி 2: அதில் 60 சதவீதம்

6, 4.2, 5 எம்பிபிஎஸ் என்று வந்தால் கணக்கு 4.2-க்குத்தான். அதில் 60 சதவீதம் சுமார் 2,500 கேபிபிஎஸ் (1 எம்பிபிஎஸ் = 1,000 கேபிபிஎஸ்). ஆடியோவுக்கு 128 போக வீடியோவுக்கு 2,400 வையுங்கள். மீதியை வீணென்று நினைக்க வேண்டாம். மொபைல் வேகம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும்; வழியில் தொலைந்த பாக்கெட்டுகளை (டேட்டா துண்டுகளை) திரும்ப அனுப்பவும் இடம் வேண்டும்.

படி 3: ரெசல்யூஷன்

2,400-க்கு 1280×720, நொடிக்கு 30 ஃபிரேம். 1,200 தான் கிடைத்தால் 854×480. 4,500-க்கு மேல் உறுதியாக நின்றால் மட்டும் 1080பி.

கடற்கரையில் இதற்கும் ஒரு படி கீழே இறங்க வேண்டி வரலாம். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பித்தான் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) பிட்டுகளை மிச்சப்படுத்துகிறது. கோயில் மண்டபத்தில் அசையாத கேமராவுக்கு இது அருமையாக வேலை செய்யும். அக்னி தீர்த்தத்தில் பெரிய அலை இல்லாவிட்டாலும், வெயிலில் மினுங்கும் நீரும் நீராடும் கூட்டமும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகின்றன; பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இன்னும் மோசம். ஆடிக் காற்றில் டிரைபாட் ஆடினால் முழுப் படமும் அசைந்து பிட்ரேட்டைத் தின்றுவிடும். கால்களைத் தாழ்த்தி, நடுவில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். ஜூம் குறைத்தால் ஆட்டமும் குறைவாகத் தெரியும்.

படி 4: ஓபிஎஸ்

செட்டிங்ஸ், அவுட்புட் பகுதியில் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃப்ரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி, என்கோடர் எக்ஸ்264 (லேப்டாப் சிபியுவிலேயே ஓடுவது) என்றால் பிரீசெட் வெரிஃபாஸ்ட். அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் வசதியை டிக் செய்யுங்கள். படம் சற்று மங்கினாலும் நேரலை அறுந்துபோகாது.

படி 5: டேட்டா

1,000 கேபிபிஎஸ்ஸுக்கு மணிக்கு 0.45 ஜிபி. ஆக வீடியோ 2,400, ஆடியோ 128 சேர்ந்து 2,528-க்கு மணிக்கு சுமார் 1.14 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் இரண்டு மணி நேரம்கூட வராது. தீர்ந்ததும் வேகம் அடியோடு விழும். நான்கு மணி நேரத்துக்கு 5 ஜிபியாவது தனியாகப் போட்டு வையுங்கள்.

படி 6: ஓடும்போது

வியூ மெனுவில் ஸ்டாட்ஸைத் திறந்து வையுங்கள். நெட்வொர்க்கால் விடுபட்ட ஃபிரேம்கள் ஏறிக்கொண்டே போனால் பிட்ரேட் அதிகம். நிறுத்தி 500 குறைத்துத் தொடங்குங்கள். என்கோடிங் தாமதத்தால் விடுபட்டால் லேப்டாப்தான் திணறுகிறது. அங்கே பிட்ரேட்டைக் குறைத்துப் பயனில்லை, ரெசல்யூஷனைத்தான் குறைக்க வேண்டும்.