ராகிக்கு அரசு விலை வேண்டுமா? பஹணியிலிருந்து தொடங்குங்கள்

வேலை பெங்களூரில், பூர்வீக நிலம் ஆனேக்கல் பக்கம், அதில் ராகி. எங்களைப் போல இப்படி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் அரசு உதவி என்றதும் பலருக்கு பிஎம் கிசான்தான் நினைவுக்கு வரும். அது ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலையோ குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அரசு கொள்முதலில் பத்து குவிண்டால் போட்டால் 48,860. இதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பஹணியை, அதாவது நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் பதிவேட்டு நகலை எடுங்கள். கர்நாடக அரசின் நிலப் பதிவுகளுக்கான 'பூமி' இணையதளத்திலோ, நாட கச்சேரி என்னும் வருவாய்த்துறை அலுவலகத்திலோ கிடைக்கும். 9-ஆம் காலத்தில் யார் பெயர் என்று பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் பவத்தி காத்தாவுக்கு, அதாவது வாரிசுகள் பெயருக்கு மாற்ற, மனு கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றும் வம்ச விருட்சம் என்னும் குடும்ப வழிப் பட்டியலும் கேட்பார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதாரில் 'எஸ். முருகேசன்' என்று இருக்கும், பஹணியில் கன்னடத்தில் 'முருகேஷ் பின் சுப்பண்ணா' (சுப்பண்ணாவின் மகன் முருகேஷ்) என்று இருக்கும். ஆள் ஒருவர்தான் என்றாலும் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. பெயரை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது ஃப்ரூட்ஸ் எண். கர்நாடகத்தில் விவசாயிக்குக் கொடுக்கும் அடையாள எண் இது. விதை மானியம், கருவி மானியம், கொள்முதல் என எங்கே போனாலும் இதைத்தான் கேட்பார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், பஹணி மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஹோப்ளியின் (தாலுகாவுக்குள் வரும் கிராமத் தொகுப்பு) ரைத சம்பர்க்க கேந்திரத்துக்கு, அதாவது விவசாயிகள் தொடர்பு மையத்துக்குப் போங்கள். எண் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் சர்வே எண்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். விட்டுப்போன துண்டு நிலத்துக்கு எந்த உதவியும் வராது.

மூன்றாவது, பயிர்க் கணக்கெடுப்பு. இங்கே 'பெளெ சமீக்ஷே' என்பார்கள். நாங்கள் அடிபட்டது இதில்தான். ஒரு வருடம் சித்தப்பா மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு கொள்முதலுக்குப் பதியப் போனார். "உங்க நிலத்துல ராகியே இல்லையே, நீலகிரின்னுல்ல பதிவாயிருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீலகிரி என்றால் இங்கே தைலமரம். அது பக்கத்து நிலத்தில் நிற்கிறது. கணக்கெடுக்க வந்தவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்திருக்கிறார். "ஏம்மா, அறுத்து அடிச்ச ராகி கண்ணு முன்னால கிடக்குது, இல்லைங்கிறாங்களே" என்று சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மூட்டைகள் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போயின.

அதனால் பயிர் நிற்கும்போதே நீங்களே பதியுங்கள். விவசாயிகளுக்கென்றே செயலி இருக்கிறது. ஃப்ரூட்ஸ் எண்ணைப் போட்டு, சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்து, நிலத்துக்குள் இறங்கி நின்று படம் எடுக்க வேண்டும். கதிர் தெரிகிற மாதிரி எடுங்கள். ராகிக்குள் அவரை, துவரை சால் விட்டிருந்தால் அதையும் ஊடுபயிராகச் சொல்லுங்கள். சில நாள் கழித்து 'பெளெ தர்ஷக்' செயலியில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் அதிலேயே ஆட்சேபணை கொடுக்கலாம். அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் காட்டுவதற்கு நிலத்தில் தாள்தான் இருக்கும்.

காப்பீட்டுக்கும் இதே பதிவைத்தான் பார்க்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் (மழைக்காலப் பருவ) தானியத்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதம்தான். கடன் வாங்காதவர்களும் சேரலாம். ஆலங்கட்டி மழையிலோ வெள்ளத்திலோ பயிர் போனால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகக் கொள்முதல் பதிவு. அறிவிப்பு வந்ததும் ஃப்ரூட்ஸ் எண்ணோடு போய்ப் பெயரைக் கொடுங்கள். ராகியை நன்றாகக் காயவைத்து, கல் மண் இல்லாமல் தூற்றிக் கொண்டுபோங்கள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதனால் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் முன்பே கேட்டுவையுங்கள். எடை போட்டதும் தரும் ரசீதைப் பணம் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.