தெற்கே போகும் படகுக்கு உள்வழியா, கடல்வழியா? பலரும் செய்யும் தவறுகள்

அக்டோபர் பிறந்தால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பாய்மரப் படகுகள் தெற்கே கிளம்பிவிடும். குளிர்காலத்தை ஃபுளோரிடாவிலோ பஹாமாஸிலோ கழிக்க நினைப்பவர்கள் வர்ஜீனியாவின் நார்ஃபோக் வந்ததும் ஒரே கேள்வியில் நிற்பார்கள்: உள்ளே போவதா, வெளியே போவதா? உள்ளே என்றால் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. நம்மூர் பக்கிங்ஹாம் கால்வாயைப் போல, கரையோரக் காயல்களையும் ஆறுகளையும் வெட்டுக் கால்வாய்களால் கோத்த நீர்வழி. நார்ஃபோக்கில் பூஜ்ய மைல் தொடங்குகிறது. மயாமி ஏறக்குறைய 1,090-வது மைல். வெளியே என்றால் அட்லாண்டிக்.

முதல் தவறு, இதை ஒரே தடவையில் முடிவு செய்வது. போஃபோர்ட், சார்ல்ஸ்டன், சவானா, செயின்ட் மேரிஸ் என்று வழிநெடுகப் பெரிய முகத்துவாரங்கள் இருக்கின்றன. வானிலை நன்றாக இருந்தால் ஒன்றில் வெளியேறி இரண்டு நாள் கடலில் ஓடலாம், கெட்டால் அடுத்ததில் உள்ளே புகலாம். இந்தக் கரையின் வசதியே அதுதான். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

உதாரணமாக, நார்ஃபோக்கிலிருந்து வட கரோலினாவின் போஃபோர்ட் வரை. உள்வழியில் இது 200 மைல் சொச்சம். வெளியே போனால் ஹட்டெராஸ் முனையைச் சுற்ற வேண்டும். செசபீக் விரிகுடாவின் வாயைத் தாண்டிவிட்டால் போஃபோர்ட் வரை நம்பி ஓடிப் புகுவதற்கு ஒரு வாசல் கிடையாது. வரைபடத்தில் ஓரிகன் முகத்துவாரம் தெரியும். ஆனால் அங்கே மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அலை உடைகிறது. முனைக்கு வெளியே டயமண்ட் ஷோல்ஸ் மணல் திட்டுகள் கடலுக்குள் பல மைல் நீண்டு கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் போனால் அந்தப் பக்கம் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம். மானிட்டர் என்ற இரும்புக் கவசப் போர்க்கப்பலைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனபோது, 1862 டிசம்பர் 31 அன்று அது இந்த முனைக்கு அப்பால்தான் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். முதல்முறை போகிறவர்கள் இந்தப் பகுதிக்கு மட்டுமாவது உள்வழியை எடுப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

அடுத்தது, வடக்குக் காற்று என்று முன்னறிவிப்பில் பார்த்ததும் குதூகலமாகக் கிளம்புவது. நாம் தெற்கே போகிறோம், வாடை முதுகில் தள்ளும், வேறென்ன வேண்டும்? கரையை ஒட்டிப் போகிறவருக்கு அது சரிதான். கல்ஃப் ஸ்ட்ரீமில் கதை வேறு. அங்கே நீர் 3, 4 நாட் (அதாவது மணிக்கு 3, 4 கடல் மைல்) வேகத்தில் வடக்கே ஓடுகிறது. எதிரே வாடை வீசினால் அலைகள் செங்குத்தாக எழும், ஒன்றுக்கொன்று இடைவெளியும் சுருங்கிவிடும். போதாததற்கு, 6 நாட் ஓடும் படகு மூன்றரை நாட் நீரோட்டத்தை எதிர்த்தால் மணிக்கு இரண்டரை கடல் மைல்தான் நகரும். குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பும். அது நிலத்திலிருந்து வீசுவதால் கரையோரக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். கிளம்புவதற்கு அதுதான் நேரம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான் கிடைக்கும். அப்புறம் காற்று வடகிழக்குக்கு நகர்ந்தால் கடல் கொந்தளித்து முகத்துவாரங்களும் ஆபத்தாகிவிடும்.

ஆபத்து அதிகம் நடுக்கடலில் இல்லை, உள்ளே நுழையும் வாயில்தான். களைத்துப்போனவர்கள் வரைபடத்தில் எது கிட்டே இருக்கிறதோ அதில் நுழையப் பார்ப்பார்கள். வற்றத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கி நீர் வெளியே பாயும்போது, கிழக்குக் காற்று உள்ளே தள்ளினால் அந்த வாய் முழுக்க உடையும் அலைதான். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் மணல் நகர நகர, வழிகாட்டும் மிதவைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பழைய வரைபடத்தை நம்பிப் போக முடியாது. சரக்குக் கப்பல்கள் போய்வரும் வாசல்களை மட்டும் திட்டத்தில் வையுங்கள். இருட்டில் வந்து சேர்ந்தால் பாயைச் சுருக்கி, விடியும்வரை வெளியிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பது மேல்.

சரி, உள்ளே போனால் பயமில்லையா? நார்ஃபோக்கிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை ஆழம் 12 அடி என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. ஏட்டுச் சுரைக்காய்! மண் சேர்ந்துகொண்டே இருக்கிறது, தூர்வார எப்போதும் பணம் ஒதுக்குவதில்லை. ஜார்ஜியாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 7 முதல் 9 அடி வித்தியாசம். ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெகில் க்ரீக் ஆகிய இடங்களில் வற்றத்தில் போனால் ஆறடி ஆழம் கேட்கும் படகு தரை தட்டும். தண்ணீர் ஏறும்போது போங்கள். தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் நீரே தூக்கிவிடும். அந்த மாநிலத்துக்குள் உள்வழி 140 மைல் வளைந்து வளைந்து போகிறது, கடல்வழியோ ஓர் இரவுப் பயணம். வானிலை இடம்கொடுத்தால் அங்கே வெளியே போவதுதான் லாபம்.

பாய்மரத்தின் உயரத்தை விற்பனைத் தாளில் பார்த்துக்கொண்டு வருவது இன்னொரு தவறு. திறக்காத நிலையான பாலங்களுக்கு, நீர் ஏறி நிற்கும்போது நீருக்கும் பாலத்துக்கும் நடுவே 65 அடி இடைவெளி இருக்க வேண்டும். வட கரோலினாவின் வில்கர்சன் பாலத்துக்கு 64 அடிதான். உச்சியிலுள்ள விளக்கையும் ஆன்டெனாவையும் தாளில் சேர்த்திருக்க மாட்டார்கள், நாமே அளந்து கூட்ட வேண்டும். பல பாலங்களின் தூணில் இடைவெளியைக் காட்டும் அளவுப் பலகை இருக்கும். நீரோட்டத்தை எதிர்கொண்டபடி மெதுவாகக் கிட்டப் போய்ப் படித்துவிட்டு நுழையலாம். வில்கர்சன் பக்கம் வற்றத்துக்குக் காத்திருந்தும் பிரயோஜனமில்லை. அங்கே நீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான்.

வழியைக் காட்ட நீரில் வைத்திருக்கும் சிவப்பு, பச்சைக் குறிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. முகத்துவாரங்களைக் கடக்கிற இடங்களில் சிவப்பும் பச்சையும் கடலிலிருந்து வருகிறவர்களுக்காகப் பக்கம் மாறும். அங்கே குறியிலுள்ள சின்ன மஞ்சள் அடையாளத்தைத்தான் பார்க்க வேண்டும்: தெற்கே போகிறவருக்கு முக்கோணம் வலப்பக்கம், சதுரம் இடப்பக்கம், குறியின் நிறம் எதுவானாலும். இதைத் தெரியாமல் மணலில் ஏறியவர்கள் ஏராளம்.

நாள் கணக்கிலும் ஏமாறுவார்கள். உள்வழியின் 1,090 மைல் தரை மைல், கடல் மைலில் 950-க்குக் கொஞ்சம் குறைவு. நவம்பரில் பகல் பத்தரை மணி நேரம்தான். நண்டுக்கூண்டுக் கயிறுகளும் விளக்கில்லாத குறிகளும் இருப்பதால் இரவில் ஓட்டக்கூடாது. பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும், வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் படைத்தளத்தில் மரைன் படை சுடும் பயிற்சி நடத்தினால் அதற்கும் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 50 மைல் போனால் பெரிய விஷயம். ஆக, ஒரு மாதம் ஓடிவிடும், அதுவும் பெரும்பாலும் எஞ்சினில், டீசல் செலவோடு. இன்ன தேதியில் சார்ல்ஸ்டனுக்கு வாருங்கள் என்று உறவினருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், கெட்ட வானிலையிலும் கிளம்பத் தோன்றும். ஊரைச் சொல்லுங்கள் அல்லது தேதியைச் சொல்லுங்கள், இரண்டையும் சொல்லாதீர்கள். புயல் பருவம் நவம்பர் 30 வரை என்பதால், குறிப்பிட்ட தேதிக்கு முன் தெற்கே வரக்கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் இருக்கும். அதையும் கிளம்புமுன் படித்துவிடுங்கள்.

கடைசியாக மயாமி. அங்கே ஜூலியா டட்டில் பாலத்துக்கு 56 அடிதான் இடைவெளி. அதைவிட உயரமான படகு, மாதம் முழுக்க உள்ளேயே வந்திருந்தாலும், ஃபோர்ட் லாடர்டேலில் வெளியேறி ஏறக்குறைய 20 கடல் மைல் கடலில்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் கல்ஃப் ஸ்ட்ரீம் கரைக்கு மிக அருகே ஓடுகிறது. ஆழமானியைப் பார்த்துக்கொண்டு கரையை ஒட்டியே போங்கள்.