குட்டியை ஒதுக்கும் தாய்ச் செம்மறியை இணங்க வைக்கும் முறை

தலையீற்றுச் செம்மறிகளும் இரட்டைக்குட்டி ஈன்றவையும் சில வேளைகளில் ஒரு குட்டியை முட்டித் தள்ளி, பால் குடிக்க விடாமல் விலகிப் போகும். அப்போது தாயை அடிக்காதீர்கள். முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். மடி சூடாகவும் கெட்டியாகவும் இருந்தால், அது மடிநோயின் வலியால் உதைக்கிறது என்று கொண்டு கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மடி நலமாக இருந்தால், இரண்டு காம்புகளிலும் முதல் பாலைச் சிறிது பீச்சி அடைப்பை நீக்குங்கள். தாய் தன் குட்டியை முக்கியமாக மோப்பத்தால்தான் அறிகிறது. ஈன்ற சில மணி நேரத்திலேயே அந்த மணம் அதன் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே குட்டியைக் கழுவாமல், பனிக்குட நீரை அதன் முதுகிலும் வாலடியிலும் தடவி, தாயின் மூக்கருகே கிடத்துங்கள். தாய் அதிகம் முகர்வது வாலடியைத்தான்.

அப்போதும் ஏற்காவிட்டால், ஏறத்தாழ ஐந்தடிச் சதுரத் தடுப்பில் இரண்டையும் தனியே விட்டு, மூன்று நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை தாயைச் சுவரோரமாக அணைத்துப் பிடித்துக் குட்டியை ஊட்ட விடுங்கள். இதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம், பொறுமை வேண்டும்.

ஆனால் சீம்பாலுக்குப் பொறுமை கூடாது. 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு, பிறந்த 2 மணி நேரத்திற்குள், 100 மில்லி சீம்பாலைக் கறந்தாவது புட்டியில் கொடுத்துவிட வேண்டும்.

தாய் தணிந்த குரலில் கனைத்து, குட்டி வாலை ஆட்டிக் குடிக்கும்போது அசையாமல் நின்றால், தடுப்பை எடுத்துவிடலாம்.